லக்சர் - அஸ்வான் நைல் குரூஸ்: எங்க இறங்கலாம், எதை விட்டுடலாம்? (அப்பாவுக்கு முட்டி பிரச்னை)

தேனி_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில அப்பா அம்மாவ கூட்டிட்டு எகிப்து போறோம். கெய்ரோ முடிச்சிட்டு லக்சர்ல கப்பல் ஏறி அஸ்வான்ல இறங்குற 4 ராத்திரி குரூஸ், கப்பல் புக் பண்ணியாச்சு. இப்ப ஏஜென்ட் கரையில இறங்கி பாக்குற டூர் லிஸ்ட் ஒண்ணு அனுப்பியிருக்காரு, படிச்சாலே மூச்சு வாங்குது. கர்னாக், லக்சர் கோயில், பலூன், ராஜாக்கள் பள்ளத்தாக்கு, ஹட்ஷெப்சுட் கோயில், மெம்னான் சிலை, எட்ஃபு கோயில், கோம் ஓம்போ கோயில், அஸ்வான் அணை, பாதியில நின்ன ஒபிலிஸ்க் (ஒத்தக் கல்லுத் தூண்), ஃபிலே தீவுக் கோயில், நூபியன் கிராமம், அபு சிம்பெல். எல்லாம் அஞ்சு நாள்ல!

அப்பாவுக்கு 71. வலது முட்டி மாத்தி ஒன்றரை வருஷம் ஆச்சு, சமதளத்துல நல்லா நடப்பாரு, படி இறங்கும்போதுதான் கைய புடிச்சுக்கணும். அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. கேள்வி மூணுதான். கப்பல்லயே டூர் பேக்கேஜ் எடுக்கணுமா இல்ல தனியா கைடு வச்சுக்கலாமா? அபு சிம்பெல் போயே ஆகணுமா? பலூன் வேணுமா?

வெட்டிஆபீசர்:
அஞ்சு நாள்ல பதிமூணு இடமா? நம்மூர் நவக்கிரக கோயில் டூர் வேன்காரர் கூட இப்படி ஓட்ட மாட்டாரு.

நைல்பித்தன்:
நான் ரெண்டு தடவை போயிருக்கேன், ஒரு தடவை லக்சர்ல இருந்து, ஒரு தடவை அஸ்வான்ல இருந்து. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல கப்பல் எப்ப எங்க நிக்கும்னு புரிஞ்சுகிட்டா பாதி குழப்பம் தீந்துடும். 4 ராத்திரின்னு சொன்னாலும் கப்பல் ஓடுறது கொஞ்ச நேரம்தான், லக்சர்ல இருந்து அஸ்வான் 200 சொச்சம் கிலோமீட்டர். மொத நாள் ராத்திரி லக்சர் கரையிலயே கட்டிப்போட்டிருப்பாங்க. ரெண்டாவது நாள் காலையில மேற்குக் கரை (ராஜாக்கள் பள்ளத்தாக்கு, ஹட்ஷெப்சுட் எல்லாம் அங்கதான்), மத்தியானத்துக்கு மேல கிளம்பி எஸ்னா லாக் (தண்ணி மட்டத்த ஏத்தி இறக்கி கப்பல தாண்ட விடுற மதகு) தாண்டும். மூணாவது நாள் விடிஞ்சா எட்ஃபு, சாயங்காலம் கோம் ஓம்போ, ராத்திரி அஸ்வான். அதுக்கப்புறம் கப்பல் நகராது, அஸ்வான்ல மிதக்குற ஹோட்டல் மாதிரிதான். கப்பலுக்குக் கப்பல் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா பொதுவா இதுதான்.

அதனால எட்ஃபு, கோம் ஓம்போ ரெண்டும் கப்பல் நேரத்துக்குத்தான் பாக்க முடியும், அத பேக்கேஜ்லயே விட்டுடுங்க. லக்சரும் அஸ்வானும் நம்ம கையில இருக்கு, அங்க தனி கார், தனி கைடு வச்சுக்கோங்க. அப்பா உக்காரணும்னா உக்காரலாம். குரூப்ல போனா கைடு கொடிய தூக்கிட்டு முன்னாடி போயிட்டே இருப்பாரு, நீங்க அப்பாவ கூட்டிட்டு சேரும்போது அவரு கதைய முடிச்சிருப்பாரு.

ராஜாக்கள் பள்ளத்தாக்கு பத்தி. 60க்கு மேல கல்லறை இருக்கு, சாதா டிக்கெட்ல மூணு பாக்கலாம், எந்த மூணுன்னு நாமதான் சொல்லணும். இங்கதான் முட்டி விஷயம் வருது. மூணாம் துத்மோஸ் கல்லறைய கிட்டயே போகாதீங்க, மலைமேல இரும்பு படி ஏறி அப்புறம் உள்ள செங்குத்தா இறங்கணும், எனக்கே தொடை நடுங்கிடுச்சு. நாலாம் ராம்செஸ் கல்லறைக்கு போங்க, கிட்டத்தட்ட சாய்தளம் மாதிரிதான் இறங்கும், உள்ள கூரையில நூட் தேவி உடம்ப வளைச்சு வானமா நிக்கிறா, கலர் இன்னும் அப்படியே இருக்கு. ஒன்பதாம் ராம்செஸும் பரவாயில்ல. ஆனா எது திறந்திருக்கும்கறது மாத்தி மாத்தி வரும், அன்னிக்கு காலையில கைடுகிட்ட கேட்டுக்கோங்க. தூத்தன்காமனுக்கு தனி டிக்கெட், 1922ல கார்ட்டர் கண்டுபிடிச்சது, ரூம் சின்னது, நகை நட்டெல்லாம் கெய்ரோவுக்கு போயிடுச்சு, ஆனா அந்தப் பையன் ராஜாவோட உடம்பு மட்டும் இன்னும் அங்கயேதான் கிடக்கு. படி கொஞ்சம்தான். வாசல்ல இருந்து கல்லறைங்க இருக்குற இடத்துக்கு குட்டி எலக்ட்ரிக் வண்டி ஓடும், அதுல ஏறிடுங்க, மிச்சம் புடிக்கிற சக்தி உள்ள தேவைப்படும்.

ராசாத்தி65:
கண்ணு, நான் கோயமுத்தூர்ல இருந்து எழுதறேன், எனக்கும் ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. பலூன் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். மேல போறது சுகந்தான், ஏறி இறங்கறதுதான் வம்பு. கூடைக்கு கதவு கிடையாது, பக்கத்துல ஓட்டை வெச்சிருப்பாங்க, அதுல கால வெச்சு தாண்டி உள்ள குதிக்கோணும். இறங்கறப்ப எல்லாரும் முட்டிய மடக்கி கைப்பிடிய புடிச்சுட்டு உக்காரச் சொல்லுவாங்க, தொப்புனு தரையில இடிக்கும். என்ற டாக்டர் கேட்டுட்டு சிரிச்சுப்போட்டு போகவே கூடாதுன்னுட்டாரு. நானு கப்பல் மேல்தளத்துல ஸ்வெட்டர் போட்டுட்டு காபியோட உக்காந்து, அந்தப்பக்கம் மலைமேல பலூன் ஒவ்வொண்ணா எந்திரிக்கறத பாத்தேன். அதுவே போதும்னு இருந்துச்சு. நீ மட்டும் வேணா போயிட்டு வா. காத்து அடிச்சா ரத்து பண்ணிடுவாங்க, அதுக்கு மனச தயார் பண்ணிக்கோ.

ஜனவரின்னா காலையில குளிரு நல்லா இருக்கும், பாலைவனந்தானேன்னு பருத்தித் துணி மட்டும் எடுத்துட்டுப் போயிடாத.

தேனி_பொண்ணு:
ராசாத்திம்மா ரொம்ப நன்றி, கூடைக்கு கதவு இல்லங்கறத எந்த வீடியோவுலயும் யாரும் சொல்லல. பலூன் கேன்சல். பித்தன் அண்ணா, அபு சிம்பெல்?

குவைத்_குமார்:
அபு சிம்பெல் போகாம எகிப்து போயிட்டு வந்தேன்னு சொல்லாதீங்க. 20 மீட்டர் உசரத்துல இரண்டாம் ராம்செஸ் ராஜா நாலு சிலையா உக்காந்திருக்கான். அஸ்வான் அணை கட்டினப்ப மூழ்கிடும்னு 1964ல இருந்து 1968 வரைக்கும் மொத்த கோயிலையும் கல்லு கல்லா அறுத்து 65 மீட்டர் மேல தூக்கி வச்சிருக்கானுங்க. பிப்ரவரி 22, அக்டோபர் 22 ரெண்டு நாளும் காலைல சூரிய வெளிச்சம் உள்ள கர்ப்பகிரகம் வரைக்கும் போகும். நான் நண்பர்களோட வேன்ல போனேன், செலவு பெருசா ஒண்ணும் இல்ல.

நைல்பித்தன்:
குமார், உங்களுக்கு வயசு என்ன?

குவைத்_குமார்:
34, ஏன்?

நைல்பித்தன்:
அதான் 😀

அஸ்வான்ல இருந்து ஒரு பக்கம் 280 கிலோமீட்டர் கிட்ட, போக மூணரை மணி நேரம், வர மூணரை. கப்பல்காரங்க காலைல 4 மணிக்கு எழுப்பி கையில ஒரு அட்டைப்பெட்டி சாப்பாடு குடுத்து வேன்ல ஏத்துவாங்க, அங்க ரெண்டு மணி நேரம் கூட நிக்க விடமாட்டாங்க, ஏன்னா மத்தியானம் ஃபிலே வச்சிருப்பாங்க. வேன் நிக்கிற இடத்துல இருந்து கோயிலுக்கு மலைய சுத்தி நல்லா நடக்கணும் வேற. அந்த கோயில் பிரமாதம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஏழு மணி நேரம் கால மடக்கி உக்காந்துட்டு வந்த மனுஷன் அன்னிக்கு மத்தியானம் ஃபிலே படகுல ஏறணும்னா அது தண்டனை.

ரெண்டு வழி இருக்கு. கப்பல்ல இருந்து இறங்கின பிறகு அஸ்வான்லயே ஒரு ராத்திரி ஹோட்டல் போட்டு அன்னிக்கு அபு சிம்பெல் மட்டும் போறது, வேற ஒண்ணுமே வச்சுக்காம. இல்லன்னா ஃபிளைட், முக்கால் மணி நேரம்தான், காசு கூட ஆகும். ரெண்டும் ஆகலன்னா விட்டுடுங்க. விட்டா தப்பில்ல.

ஸ்கார்பரோ_சிவா:
நாங்கள் போன மார்ச்சிலதான் போயிட்டு வந்தனாங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. ஒருத்தரும் சொல்லாத ஒரு விசயம் சொல்லுறன். கப்பல் கரைக்கு நேர நிக்கிறேல்ல. ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா நாலு அஞ்சு கப்பலைக் கட்டி வைப்பினம். எங்கட கப்பல் நாலாவது. கரைக்குப் போகவேணும் எண்டா மற்ற மூண்டு கப்பலின்ர வரவேற்பறைக்குள்ளால நடந்து போகவேணும். ஒவ்வொரு கப்பலுக்கும் நடுவில ஒரு சின்னப் பலகை, சிலதில கைப்பிடியும் இல்ல, கீழ தண்ணி தெரியும். அம்மா ரெண்டாவது பலகையில நிண்டு "நான் வரேல்ல, நீங்கள் போங்கோ" எண்டு அழுதுபோட்டா. பிறகு அந்தக் கப்பல் பெடியன் ஒருத்தன் வந்து ரெண்டு கையையும் பிடிச்சு அரபியில ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு நடத்திக்கொண்டு போனான். உங்கட அப்பாவுக்கு ஒரு தடி கொண்டு போங்கோ, மடக்கிற தடி.

மற்றது "நைல் பார்வை அறை" எண்டு கூடக் காசு வாங்கினவை, கப்பலின்ர பேர் சொல்ல விரும்பேல்ல. லக்சரில ரெண்டு நாளும் யன்னலைத் திறந்தா பக்கத்துக் கப்பல்காரன்ர திரைச்சீலைதான், ஒரு ஸ்பானிஷ் தாத்தா சேவ் எடுக்கிறதப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். அறைக்குச் செலவழிக்கிற காசை நல்ல கைடுக்குக் குடுங்கோ.

வெட்டிஆபீசர்:
ஸ்பானிஷ் தாத்தா பார்வை அறை 🤣

ராசாத்தி65:
எட்ஃபு பத்தி யாருமே பேசலியே. கோயில் அருமை, ஹோரஸ்னு பருந்து சாமி, கி.மு. 237ல ஆரம்பிச்சு கி.மு. 57ல முடிச்சது, இன்னும் அவ்வளவு முழுசா நிக்குது, கர்னாக், லக்சர் கோயில் எல்லாம் அதுக்கு ஆயிரம் வருசத்துக்கு மேல மூத்தது. வாசல்ல கருங்கல்லுல பருந்து நிக்கும், என்ற உயரத்தவிட ஜாஸ்தி. ஆனா கப்பல்ல இருந்து கோயிலுக்கு குதிரை வண்டியிலதான் கூட்டிட்டுப் போவாங்க. விடியக்காத்தால நூத்துக்கணக்குல வண்டி, எல்லாரும் ஒரே நேரத்துல கத்தறாங்க, அந்த குதிரைங்க சிலதுக்கு விலா எலும்ப எண்ணலாம். எனக்கு அன்னிக்கு பூரா மனசே சரியில்ல.

குவைத்_குமார்:
அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா அந்த வண்டிக்காரனுக்கு அன்னிக்கு அதுதான் சோறு. நாம எல்லாரும் ஏறலன்னா குதிரைக்கு மொதல்ல தீனி நிக்கும். நல்லா இருக்குற குதிரையா பாத்து ஏறினா போதும்.

ராசாத்தி65:
நீ சொல்றதும் ஞாயந்தான் குமாரு. ஆனா அந்த கூட்டத்துல குதிரைய பாத்து பொறுக்கறதுக்கு நேரமா குடுக்கறாங்க, நம்பர் சொல்லி ஏத்திட்டு போயிட்டே இருப்பாங்க. அதுவுமில்லாம வண்டி உசரம், ஏறறதுக்கு ஒரே ஒரு இரும்பு மிதி. முட்டி மாத்தினவங்களுக்கு அது ஆகாது. மொதல் நாள் ராத்திரியே கைடுகிட்ட சொல்லிட்டா ஆட்டோ, அதான் அவங்க டுக்டுக், இல்லாட்டி கார் ஏற்பாடு பண்ணுவாங்க.

நைல்பித்தன்:
இதுல நான் ராசாத்திம்மா கட்சி. மொத நாள் ராத்திரியே சொல்லணும்கறதுதான் முக்கியம், காலைல கரையில நின்னு சொன்னா நடக்காது.

பணம் பத்தி ரெண்டு வரி. பெரிய இடங்கள்ல டிக்கெட் கவுன்டர்ல கார்டு மட்டும்தான், கேஷ் வாங்க மாட்டான், ரெண்டு கார்டு எடுத்துட்டு போங்க. ஆனா சில்லறை நோட்டு ஒரு கத்தை தனியா வேணும், டாய்லெட்டுக்கு, படகுல கை குடுத்து ஏத்துறவனுக்கு, கல்லறைக்குள்ள கூப்பிடாமயே டார்ச் அடிச்சுக் காட்டி கைய நீட்டுற காவலாளிக்கு. வேணாம்னா "லா, ஷுக்ரன்" (வேணாம், நன்றி) சொல்லிட்டு கண்ணப் பாக்காம நடங்க. கடையில "20" னு சொன்னா எந்த 20ன்னு கேளுங்க, ஈஜிப்ஷியன் பவுண்டுன்னு அவன் வாயால சொல்ல வைங்க, இல்லன்னா பொருள் கையில வந்ததும் அது டாலர் ஆயிடும்.

தேனி_பொண்ணு:
அம்மா சாப்பாடு?

நைல்பித்தன்:
கப்பல்ல பஃபே, பயப்பட வேணாம். ஃபூல்னு அவிச்ச பயறு, தாமியான்னு பயறு வடை (நம்ம மசால்வடைக்கு பெரியப்பா பையன்), தஹினி, கத்திரிக்கா, ரொட்டி. கரையில கொஷரி கிடைக்கும், அரிசி பருப்பு மக்ரோனி கொண்டைக்கடலை எல்லாம் ஒண்ணா போட்டு தக்காளி சாறு, மேல வறுத்த வெங்காயம். முலுகியான்னு பச்சையா ஒரு கீரைக் குழம்பு இருக்கும், பாத்தா சைவம் மாதிரியே இருக்கும், ஆனா கோழி சாறுலதான் வேக வைப்பாங்க, அத தொடாதீங்க. "வெஜிடேரியன்" னு சொன்னா சில பேருக்கு கோழி சைவம்தான். "ஸியாமி" னு கேளுங்க, அங்க காப்டிக் கிறிஸ்தவங்க விரதத்துல சாப்பிடுற சாப்பாடு, கறி பால் முட்டை எதுவும் இருக்காது, சமையக்காரருக்கு டக்குனு புரியும்.

ஸ்கார்பரோ_சிவா:
ஸியாமி நல்ல சொல்லு, எனக்குத் தெரியாமப் போச்சு. அம்மா நாலு நாளும் ரொட்டியும் தயிரும்தான்.

ஒண்டு கேக்கட்டே, லக்சரில ஒரு நாள் கூட இருந்தா டெண்டெரா போகலாமோ?

நைல்பித்தன்:
சிவா, நீங்க கேட்டதுக்கு கோயில் கட்டி கும்பிடணும். லக்சர்ல இருந்து வடக்க 60 கிலோமீட்டர் வாக்குல, ஹாத்தோர் கோயில், கூரைய சுத்தம் பண்ணி நீலம் அப்படியே வெளிய வந்திருக்கு. அங்க இருந்த ராசிமண்டலக் கல்ல பெயர்த்து பாரிசுக்கு கொண்டு போயிட்டாங்க, லூவர் மியூசியத்துல இருக்கு, டெண்டெராவுல இருக்குறது நகல்.

ஆனா நான் அந்த ரோட்ட சொல்றதுக்கு வேற காரணம். வழியில கிஃப்ட்னு ஒரு ஊரு வரும், பாத்தா ஒண்ணுமே இல்ல, டீக்கடை, டிராக்டர், கரும்பு வண்டி. அதுதான் பழைய காப்டோஸ். செங்கடல் துறைமுகத்துல கப்பல்ல வந்து இறங்குற நம்மூர் மிளகெல்லாம் ஒட்டகத்துல பாலைவனம் தாண்டி அங்கதான் நைல் படகுல ஏறும். அந்த செங்கடல் துறைமுகம் ஒண்ணுல, குசைர் அல் காதிம்ல, ஒரு பானை ஓடு கிடைச்சுது, தமிழ் பிராமியில "பானை ஒறி" னு எழுதியிருக்குன்னு கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படிச்சாரு. உறிதான், நம்ம பாட்டி வீட்டுல தயிர்ப்பானைய தொங்கவிடுற உறி. எந்த கைடும் இத சொல்ல மாட்டாரு. நான் கிஃப்ட்ல வண்டிய நிறுத்தச் சொல்லி ஒரு டீ குடிச்சேன், டிரைவர் என்ன பைத்தியம்னு நினைச்சிருப்பாரு.

வெட்டிஆபீசர்:
பேரே பித்தன், டிரைவர் நினைச்சதுல என்ன தப்பு. ஆனா அந்த உறி மேட்டர் நெஜமாவே சிலிர்க்குதுங்க.

தேனி_பொண்ணு:
அப்பா தமிழாசிரியர் ரிட்டயர்டு. இத படிச்சுக் காட்டினேன். அபு சிம்பெல் வேணாம், இந்த டீக்கடைக்கு கூட்டிட்டுப் போன்னுட்டாரு. லக்சர்ல கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட போட்டுட்டேன்.

முடிவு பண்ணது: மொத நாள் டெண்டெரா. கப்பல் ஏறுற அன்னிக்கு கர்னாக் மட்டும் வெயில் சாஞ்சப்புறம், ராத்திரி விளக்கு போட்டதும் லக்சர் கோயில். மறுநாள் காலைல 6 மணிக்கே மேற்குக் கரை, மூணு கல்லறை, ஹட்ஷெப்சுட், 11க்குள்ள கப்பல். எட்ஃபு கார்ல. அஸ்வான்ல ஃபிலே மட்டும். அணை, ஒபிலிஸ்க், நூபியன் கிராமம் எல்லாம் வெட்டியாச்சு. ஏஜென்ட் கோவமா இருக்காரு.

ராசாத்தி65:
இருக்கட்டும் கண்ணு, அவருக்கா முட்டி வலிக்குது.

தேனி_பொண்ணு:
(மூணு வாரம் கழிச்சு) வந்தாச்சு! சொன்ன எல்லாருக்கும் கடன்பட்டிருக்கேன், நடந்தத சொல்றேன்.

கர்னாக்ல 134 தூண் இருக்குற மண்டபத்துல அப்பா ஒரு தூண் அடியில உக்காந்தவரு முக்கால் மணி நேரம் எந்திரிக்கல. தனி கைடு இருந்ததால யாரும் விரட்டல. கைடும் பக்கத்துலயே உக்காந்து சிகரெட்டுக்கு தவிச்சிட்டு இருந்தாரு பாவம். லக்சர் கோயிலுக்குள்ள ஒரு மசூதி இருக்குல்ல, அதோட பழைய கதவு அந்தரத்துல தொங்குது, ஒரு காலத்துல மண்ணு அவ்வளவு உசரம் மூடி இருந்துச்சாம். அம்மாவுக்கு மொத்த டிரிப்லயும் அதுதான் ரொம்ப புடிச்சுது, எத்தன சாமி ஒரே எடத்துலன்னு.

நாலாம் ராம்செஸ் திறந்திருந்துச்சு. அப்பா தடி ஊனி தானே இறங்கி தானே ஏறினாரு. சிவா அண்ணா, தடிக்கு நன்றி, எங்க கப்பல் மூணாவது வரிசை. எட்ஃபுல கார் சொல்லியும் வரல, டுக்டுக்தான் வந்துச்சு, அப்பா முன்னாடி டிரைவர் பக்கத்துல தொத்திகிட்டு வந்தாரு, ராசாத்திம்மா திட்டாதீங்க. கோம் ஓம்போல முதலை மம்மி பாத்து அம்மா வெளிய ஓடி வந்துட்டாங்க. ஃபிலேல படகுல இருந்து கரை ஏறுறப்ப கொஞ்சம் ஆட்டம், ரெண்டு பேர் தூக்கி விட்டாங்க.

நான் எதிர்பாக்காதது எஸ்னா லாக். கப்பல் வரிசையில நிக்குது, கீழ சின்னச் சின்ன துடுப்புப் படகுல கடைக்காரங்க நம்ம கப்பல்ல கயித்த மாட்டிகிட்டு "மேடம் மேடம்" னு கத்தி, துணிய பிளாஸ்டிக் பையில போட்டு நாலாவது மாடிக்கு வீசுறாங்க. குறி தப்பவே இல்ல. அப்பா ஒரு மேசைவிரிப்புக்கு மேல இருந்து கத்தி கத்தி பேரம் பேசுறாரு, தமிழ்ல! அவரு அரபியில. அரை மணி நேரம் ஓடுச்சு. படிஞ்சதும் அதே பையில காசப் போட்டு அப்பா வீசினாரு, பை நேரா ஆத்துல. அந்த ஆளு ஒண்ணும் சொல்லாம படக திருப்பி துடுப்பால பைய எடுத்து, நோட்ட உதறி, காதுல சொருகிகிட்டு மேல பாத்து ஒரு சலாம் வச்சாரு பாருங்க.

குவைத்_குமார்:
சூப்பர். டீக்கடை?

தேனி_பொண்ணு:
போனோம். கிஃப்ட்ல ரோட்டோரம், பிளாஸ்டிக் சேர், கண்ணாடி டம்ளர்ல கருப்பா டீ, பாதி டம்ளர் சர்க்கரை. அப்பா கடைக்காரர் பையன கூப்பிட்டு பேப்பர்ல "பானை" ன்னு எழுதிக் காட்டினாரு. அந்தப் பையன் கீழ அரபியில ஏதோ எழுதிக் குடுத்தான். டிரைவர்கிட்ட என்னன்னு கேட்டேன், பில்லாம்.